பூனையின் மூச்சை எண்ணுவோம்

கொச்சியில் தோப்பும்படி என்ற ஊர் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் உள்ளது. இங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களின் படகுகளும் இங்கே வந்து மீன் இறக்கும். காலையில் மீன் ஏலம் போடும் சத்தம் கேட்கும்.

மீன் இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு, இஞ்சி வைக்கும் கிடங்குகள் இருக்கின்றன. அங்கேயும் பூனை உண்டு. எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும் அல்லவா?

பல வீடுகளில் பூனை ஒரு பிள்ளையைப் போல வளர்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். வயதான பாட்டி வீட்டில் தனியாக இருப்பார். அவருக்குப் பகல் முழுவதும் பூனைதான் துணை. பூனைக்கும் வயது ஆகிறது. ஒருநாள் அது மூச்சு விடச் சிரமப்படுகிறது. அப்போது என்ன செய்வது? இதைத்தான் இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

வயது ஒரு நோய் அல்ல

பூனை முதல் இரண்டு ஆண்டுகளில் வேகமாக வளரும். இரண்டு வயதுப் பூனை, 24 வயது மனிதருக்குச் சமம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு பூனையின் ஒவ்வோர் ஆண்டும் நமக்கு 4 ஆண்டுகள் போல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வயதுப் பூனை, 56 வயது மனிதரைப் போன்றது. 15 வயதுப் பூனை, 76 வயது மனிதரைப் போன்றது.

வயதான பூனை அதிகம் தூங்கும். உயரமான இடத்தில் தாவாது. இது வயதால் வருவது. ஆனால் மூச்சுத்திணறல் வயதால் வருவது அல்ல. அது நோயின் அடையாளம்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டு விடுகிறார்கள். அது சரி இல்லை. மூச்சுத்திணறலுக்குக் காரணமான நோய்கள் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்தோடு பார்க்க வேண்டும்.

பூனை எப்படி மூச்சு விடுகிறது?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தசையால் ஆன ஒரு திரை இருக்கிறது. அது கீழே இறங்கும்போது நுரையீரல் விரியும். காற்று உள்ளே போகும். திரை மேலே வரும்போது காற்று வெளியே வரும். நமக்கும் இப்படித்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு வாயால் மூச்சு விடும். அது நாய்க்கு இயல்பு. பூனை அப்படி இல்லை. பூனை மூக்கால்தான் மூச்சு விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது ஆபத்து. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். பூனை தன் நோயை மறைக்கும். கத்தாது, அழாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். அதனால் நோய் முற்றிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. முன்பே தெரிந்து கொள்ள வழி உண்டா? உண்டு. மூச்சை எண்ண வேண்டும்.

எண்ணுவது எப்படி?

1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டம், இந்தியாவிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தோப்பும்படியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. எழுதவும் எண்ணவும் கற்றுக் கொண்டால் கடைக்கணக்குப் பார்க்கலாம். பஸ்ஸின் பெயரைப் படிக்கலாம். வீட்டில் வாழும் ஓர் உயிரையும் காப்பாற்றலாம்.

பூனை நன்றாகத் தூங்கும் நேரத்தைப் பாருங்கள். ஓடி விளையாடியவுடன் எண்ணக் கூடாது. தொண்டையில் குறுகுறு என்று சத்தம் எழுப்பும்போதும் எண்ணக் கூடாது. பூனையைத் தொட வேண்டாம். சற்றுத் தள்ளி உட்காருங்கள். அதன் விலாவைப் பாருங்கள். விலா மேலே எழும்பும், பிறகு தாழும். ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு.

கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணுங்கள். வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஒரு நிமிட மூச்சு. 30 விநாடியில் 12 மூச்சு என்றால், ஒரு நிமிடத்தில் 24 மூச்சு.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

16 முதல் 30 வரை: இது நல்ல நிலை.

30க்கு மேல்: சிறிது நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் 30க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

40க்கு மேல்: அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பூனை நலமாக இருக்கும்போதே எண்ணத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும். நோய் உள்ள பூனைக்குத் தினமும் எண்ண வேண்டும். ஒரு நோட்டில் தேதியையும் எண்ணையும் எழுதுங்கள். 20, 22, 21 என்று இருந்த எண், 28, 34 என்று ஏறினால் நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.

எடையையும் எழுதுங்கள். பூனையைத் தூக்கிக் கொண்டு எடைபார்க்கும் கருவியில் நில்லுங்கள். பிறகு பூனை இல்லாமல் நில்லுங்கள். முதலில் 52 கிலோ, பிறகு 48 கிலோ என்றால், பூனையின் எடை 4 கிலோ. மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எடை குறைந்து கொண்டே வந்தால் அதுவும் நோயின் அடையாளம்.

முள் சிக்கியதா, ஆஸ்துமாவா?

பூனை தரையோடு தரையாகப் பதுங்குகிறது. கழுத்தை முன்னே நீட்டுகிறது. இருமுகிறது. வாந்தி எடுக்கப் போவது போல் இருக்கிறது. ஆனால் ஒன்றும் வெளியே வருவதில்லை. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

"தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சு. சோத்து உருண்டை குடு, இறங்கிடும்."

மீன் தின்னும் ஊரில் இப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் இது ஆஸ்துமாவாக இருக்கலாம். பூனைக்கும் ஆஸ்துமா வரும். நுரையீரலுக்குப் போகும் காற்றுக் குழாய்கள் சுருங்கிவிடும். உள்ளே சளி சேரும். மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் வரும்.

அந்த நேரத்தில் சோற்று உருண்டையைத் திணித்தால், அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம். வாய்க்குள் விரல் விட்டுத் தேடுவதும் கூடாது. பூனை கடித்துவிடும். முள்ளா, ஆஸ்துமாவா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆஸ்துமா முழுவதும் குணமாகாது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். மருத்துவர் மாத்திரை தருவார். சில பூனைகளுக்கு உறிஞ்சும் மருந்து தருவார். சின்னக் குழந்தைகளுக்கு முகத்தில் வைப்பது போன்ற ஒரு குழாயும் மூடியும் வைத்து அதைக் கொடுக்கலாம்.

வேறு காரணங்கள்

இதய நோய்: பூனைகளுக்கு இதயத்தின் தசை தடித்துப் போகும் நோய் வரும். இதயத்தால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாது. நுரையீரலில் நீர் சேரும். மூச்சு வேகமாகும். சில பூனைகளுக்கு ரத்தம் உறைந்து கட்டியாகி, பின்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். பின்கால்கள் திடீரென்று விழுந்துவிடும். தொட்டால் சில்லென்று இருக்கும். பூனை வலியால் அலறும். இதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நெஞ்சில் நீர் கட்டுவது: நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தால் அது விரிய இடம் இருக்காது. மருத்துவர் ஊசியால் நீரை எடுப்பார். எடுத்தவுடன் பூனைக்கு மூச்சு எளிதாகும். நீர் ஏன் சேர்ந்தது என்று பிறகு பார்ப்பார்.

ரத்தச்சோகை: ரத்தம் குறைந்தால் மூச்சு வேகமாகும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவாக இருக்கலாம். நீலமாக இருந்தால் உடம்புக்குக் காற்று போதவில்லை. அது பெரிய ஆபத்து.

தைராய்டு நோய்: வயதான பூனைக்கு இது வருவது உண்டு. பூனை நிறையத் தின்னும். ஆனால் மெலிந்து கொண்டே போகும். இதயம் வேகமாக அடிக்கும்.

சளி: மூக்கு ஒழுகும். தும்மும். மூக்கு அடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தின்னாது. இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் ஈரல் கெடலாம். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மூக்கைத் துடையுங்கள். உணவை லேசாகச் சூடு செய்து வையுங்கள். வாசனை எழும்.

நுரையீரலில் புழு, மூக்கிலும் நெஞ்சிலும் கட்டி, இவையும் காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

செய்யக் கூடாதவை

நமக்கு நல்ல மருந்து பூனைக்கு நஞ்சாகலாம். இதை எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் அந்த மாத்திரையைப் பூனையின் ஈரலால் மாற்றி வெளியேற்ற முடியாது. பூனையின் ரத்தம் காற்றைச் சுமக்கும் வலிமையை இழந்துவிடும். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஏற்கனவே மூச்சுத் திணறும் பூனைக்கு இது இன்னும் கொடியது.

நெஞ்சில் தடவும் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் கூடாது. பூனை தன் உடம்பை நக்கும். தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும்.

மூச்சு வாங்கும்போது வாயில் தண்ணீர், பால், கஷாயம் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. மடியில் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது.

மூச்சுத் திணறும்போது

முதலில் நீங்கள் பதற வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து விடுங்கள். பூனை எப்படி உட்கார விரும்புகிறதோ, அப்படியே விடுங்கள்.

வெயிலில் கிடந்து மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டு வாருங்கள். சாதாரணத் தண்ணீரால் பாதத்தையும் உடம்பையும் நனையுங்கள். விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டு போகும் பழக்கம் உண்டு. மூச்சுத் திணறும் பூனையைச் சாக்கில் போட்டால், வழியிலேயே இறந்துவிடலாம். காற்று வரும் கூடையில் வையுங்கள். பழைய துணி விரியுங்கள். கூடைமேல் மெல்லிய துணி போட்டால் பயம் குறையும்.

தோப்பும்படியிலிருந்து எர்ணாகுளம் நகரத்துக்குப் போக வில்லிங்டன் தீவு வழியாகப் பாலங்களைக் கடக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நெரிசல் இருக்கும். அதனால் முதலில் பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் போங்கள். கிளம்பும் முன் போன் செய்யுங்கள். "மூச்சுத் திணறும் பூனையைக் கொண்டு வருகிறோம்" என்று சொன்னால் அங்கே தயாராக இருப்பார்கள்.

திருச்சூருக்கு அருகில் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் பழைமையான கல்லூரி ஒன்று இருக்கிறது. பெரிய சோதனைகளுக்கு அங்கே போகலாம். ஆனால் பூனைக்கு மூச்சு சீரான பிறகுதான் தூரப் பயணம் நல்லது.

1962 என்பது நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இதே எண்தான். உங்கள் பகுதிக்கு வண்டி வருமா, எந்த நேரத்தில் வரும், பூனையைப் பார்ப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். இரவில் பார்க்கும் மருத்துவர் யார் என்றும் விசாரியுங்கள். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

டாக்டர் என்ன கேட்பார்?

கேரளத்தில் கால்நடை மருத்துவமனையை 'மிருகாசுபத்திரி' என்பார்கள். பூனையைப் 'பூச்ச' என்பார்கள். மூச்சுத்திணறலைச் 'சுவாசம் முட்டல்' என்பார்கள். இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் போதும். மற்றதை உங்கள் நோட்டு பேசும்.

"எப்போது இருந்து இப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்பார்.

"முந்தாநாள் ராத்திரியில இருந்து டாக்டர். போன வாரம் தூங்கும்போது 24 இருந்துச்சு. நேத்து 36. இன்னைக்கு 44."

இப்படிச் சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி. "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

செலவு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. எந்தச் சோதனை இன்றே வேண்டும், எது பிறகு செய்யலாம் என்றும் கேளுங்கள்.

புகையும் தூசியும்

2023 மார்ச் 2 அன்று கொச்சிக்கு அருகில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் குப்பை எரிந்தது. புகை நகரத்தைச் சூழ்ந்தது. தீயை முழுவதும் அணைக்க 10 நாட்களுக்கு மேல் ஆனது. வெளியே போனால் முகமூடி அணியுங்கள் என்று மக்களுக்கு அறிவித்தார்கள்.

பூனைக்கு முகமூடி போட முடியாது. பூனை தரையோடு வாழ்கிறது. வீட்டில் நாம் எழுப்பும் புகையையும் தூசியையும் அது மூச்சில் இழுக்கிறது.

கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, பீடி, விறகு அடுப்பு, குப்பை எரிப்பது, எல்லாமே பூனையின் ஆஸ்துமாவைக் கூட்டும். பூனை படுக்கும் அறையில் கொசுவலை கட்டிக் கொள்ளலாம். பீடியை வெளியே போய்க் குடிக்கச் சொல்லலாம். விட்டுவிட்டால் அவருக்கும் நல்லது. பிளீச்சிங் பவுடர், பினாயில் போட்டுத் தரை துடைத்தால், தரை காய்ந்து நெடி போகும்வரை பூனையை வெளியே வையுங்கள். பூனை மலம் கழிக்கும் பெட்டியில் தூசு பறக்கும் மண் வேண்டாம். கழுவிக் காய வைத்த மணல் நல்லது.

தினமும் கவனிப்பது

மருந்தை டாக்டர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். பூனை தேறியதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

இதய நோய் உள்ள பூனைக்குக் கருவாடு வேண்டாம். அதில் உப்பு அதிகம். உப்புப் போடாமல் வேக வைத்த மீனை முள் எடுத்துக் கொடுக்கலாம்.

தண்ணீர், உணவு, மணல் பெட்டி மூன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும். பூனை மாடிப்படி ஏற வேண்டாம். பூனை மிகவும் குண்டாக இருந்தால் மூச்சுக்குச் சிரமம். டாக்டரிடம் கேட்டு மெல்ல எடையைக் குறையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பூனை வாயில் எச்சில் ஒழுக, குரல் மாறி, காரணம் இல்லாமல் கடிக்க வந்தால் தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். எந்தப் பூனை கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள்.

காப்பாற்ற முடியாதபோது

எல்லா நோயையும் தீர்க்க முடியாது. சில நேரம் மருந்து கொடுத்தும் பூனைக்கு மூச்சு எளிதாகாது. தின்னாது. தூங்க முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தே இருக்கும். அப்போது டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். வலி இல்லாமல் உயிர் பிரிய ஊசி போடும் வழி இருக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்வது வீட்டாரின் உரிமை. எதைச் செய்தாலும் மூச்சு முட்டித் தவிக்கும் உயிரைத் தனியே விட வேண்டாம்.

அந்தப் பூனையோடு பகல் முழுவதும் இருந்தவர் பாட்டிதான். அவரையும் கேட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும். "பூனைதானே, போனாப் போகுது" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் சிறிது நேரம் உட்காருங்கள்.

சொல்லிப் பாருங்கள்

1. 30 விநாடியில் 19 மூச்சு. ஒரு நிமிடத்தில் எத்தனை? என்ன செய்ய வேண்டும்?

2. பூனைக்குப் பாரசிட்டமால் ஏன் கொடுக்கக் கூடாது?

3. மூச்சுத் திணறும் பூனையை எதில் வைத்துக் கொண்டு போவீர்கள்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள். ஏழு நாள் எண்ணி, நாள், நேரம், மூச்சு என்று மூன்று கட்டம் போட்டு நோட்டில் எழுதுங்கள்.